போன்ல ஏறுற சார்ஜும் போலீஸ் போடுற சார்ஜும் ஒரே வார்த்தைதானா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான: பாலக்கோட்டுல இருந்து பேங்க் எக்ஸாமுக்கு படிக்கறீங்க, மாக் டெஸ்ட்ல சார்ஜ்ங்கற வார்த்தைய வச்சு நாலு கேள்வி வந்து நாலும் தப்பாயிடுச்சு. போன்ல ஏத்தறதும் சார்ஜ், பஸ்ல குடுக்கறதும் சார்ஜ், போலீஸ் போடறது சார்ஜ் ஷீட், ஹெச்எம் லீவுல போனா அந்த சேர்ல உக்கார்றவரு இன்சார்ஜ், இதெல்லாம் ஒரே வார்த்தையா, இல்ல எழுத்து மட்டும் ஒண்ணா இருக்கற வேற வேற வார்த்தைங்களா, ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணனுமா, அப்புறம் இன் சார்ஜ் ஆஃப், இன் த சார்ஜ் ஆஃப் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்.

ஒரே வார்த்தைதான் தம்பி. மனப்பாடம் வேண்டாம். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐல எலக்ட்ரீசியன் டிரேடு பசங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல பாடம் எடுக்கறேன், முதல் வருஷ பசங்களுக்கு சார்ஜ்னா என்னன்னு சொல்லாம ஒரு பாடமும் நகராது, அதனால இந்த ஒரு வார்த்தை மேல எனக்கு தனி பாசமே உண்டு, கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுமையா படிங்க.

எங்க அப்பா காவேரிப்பட்டணத்துல பாரவண்டி ஓட்டினவரு. சீசன்ல தோப்புல இருந்து மண்டிக்கு மாங்கா ஏத்திட்டு போவாரு, சீசன் இல்லாதப்போ நெல்லு, கல்லு, மண்ணு, எது கெடைச்சாலும். சார்ஜ்ங்கற வார்த்தை பொறந்ததே அந்த வேலையிலதான். லத்தீன்ல கார்ருஸ்னு ஒரு வார்த்தை, பாரம் ஏத்தற வண்டிக்கு பேரு, அதையே ரோமானியங்க, பழைய பிரான்ஸ் பக்கம் கால் (Gaul) மக்கள் பேசின மொழியில இருந்து வாங்கிக்கிட்டதுதான். அதுல இருந்து கார்ரிகாரேன்னு ஒரு வினை வந்துச்சு, வண்டில பாரம் ஏத்தறதுன்னு அர்த்தம். அது பழைய பிரெஞ்சுல தேஞ்சு மாறி 13ம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ள சார்ஜா வந்து சேந்துச்சு. கார், கேரி, கேரியேஜ், கார்கோ எல்லாம் அதே வீட்டு பசங்கதான். முகத்த பெருசாக்கி கோணலாக்கி வரையறாங்களே கேரிகேச்சர், அதுவும் அந்த குடும்பம்தான், இத்தாலி மொழில அதுக்கு அளவுக்கு மீறி ஏத்தறதுன்னு அர்த்தம்.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. இங்கிலீஷ்காரங்களுக்கே இந்த வண்டி பாரமெல்லாம் இப்ப ஞாபகம் இருக்காது, ஆனா நாம தமிழ்ல பேசறப்ப அந்த பாரத்த விடவே இல்ல. போன்ல சார்ஜ் ஏறுதுங்கறோம், சார்ஜ் இறங்கிடுச்சுங்கறோம். ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏத்தணும்ங்கறோம். கட்டணத்த ஏத்திட்டாங்க, வரிச்சுமை. பொறுப்ப சுமக்கறாரு. குற்றம் சுமத்தறாங்க, பழி சுமத்தறாங்க. எங்க டிரேடு பழைய தமிழ் புஸ்தகத்துல மின்சுமைன்னே போட்டிருக்கும், இப்ப மின்னூட்டம்னு எழுதறாங்க, எனக்கு என்னமோ மின்சுமைதான் பசங்க மண்டையில சீக்கிரம் உக்காருது. இலங்கைத் தமிழ்ல ஏற்றம்னு சொல்லுவாங்க, அதுவும் அதே பாரம்தான். ஆக இங்கிலீஷ்ல இந்த வார்த்தைய எங்க பாத்தாலும் மூணு கேள்வி கேளுங்க: என்னத்த ஏத்தினாங்க, யாரு மேல ஏத்தினாங்க, எறக்கறது எப்படி. பதில் தானா வந்து நிக்கும்.

என்னோட துறையில இருந்தே ஆரம்பிக்கறேன். 1740கள்ல ஹாலந்துல லைடன்ங்கற ஊர்ல ஒரு கண்ணாடி ஜாடியில மின்சாரத்த பிடிச்சு வைக்க முடியும்னு கண்டுபிடிச்சாங்க, தொட்டா ஆளையே தூக்கி போட்டுடும். அந்த காலத்துல துப்பாக்கிலயும் பீரங்கிலயும் மருந்து கெட்டிக்கறதுக்கு பேரும் சார்ஜ்தான், ஒரு தடவ சுடறதுக்கு எவ்ளோ மருந்தோ அவ்ளோதான் ஒரு சார்ஜ். ஜாடியும் அப்படித்தான, நிரப்பி வைக்கறோம், ஒரே அடியில வெடிச்சு தீந்துடுது. அமெரிக்காவுல பெஞ்சமின் ஃப்ராங்ளின் இத பத்தி கடுதாசி எழுதறப்ப அந்த பீரங்கிக்கார வார்த்தையைத்தான் புழங்கினாரு, நெறைய ஜாடிங்கள வரிசையா சேத்து வச்சதுக்கு பேட்டரின்னு பேரு வச்சதும் அவருதான், பேட்டரின்னா அப்ப பீரங்கி வரிசை. பிளஸ் மைனஸ்னு பேரு வச்சதும் அவருதான். எது எந்த பக்கம்னு அவரு ஒரு ஊகத்துல வச்சாரு, 1897ல தாம்சன் எலக்ட்ரானை கண்டுபிடிச்சப்ப பாத்தா அது மைனஸ் பக்கம் வந்து விழுந்துச்சு, அதனாலதான் இன்னிக்கும் கரண்ட் ஒரு திசையில போகுதுன்னு அம்புக்குறி போட்டுட்டு எலக்ட்ரான் எதிர் திசையில போகுதுன்னு பசங்களுக்கு சொல்ல வேண்டியிருக்கு, ஒவ்வொரு வருஷமும் ஒரு பையனாவது ஏன் சார் இப்படின்னு கேப்பான், நியாயமான கேள்வி.

இதுல ஒரு இடம் முக்கியம், படிச்சவங்களே தப்பா புரிஞ்சு வச்சிருக்கற இடம். போன் சார்ஜ் ஆகுதுன்னா எலக்ட்ரான் எல்லாம் உள்ள போய் குடியேறி பேட்டரி ரொம்பிடுதுன்னு நெனைக்கறோம். இல்ல. ஒரு முனையில எவ்ளோ எலக்ட்ரான் உள்ள போகுதோ அதே அளவு இன்னொரு முனையில வெளிய வந்துடும், மொத்த கணக்குல பேட்டரிக்குள்ள கூடுதல் எலக்ட்ரான்னு ஒண்ணும் இல்ல. ஏறுறது ரசாயன மாத்தம், அந்த மாத்தத்துக்குள்ள சக்தி அடைஞ்சு கெடக்கு. லாரி பேட்டரிய மெக்கானிக் ஆசிட் டெஸ்டர் வச்சு பாப்பாரு இல்ல, ஆசிட் தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு காட்டற மிதவை 1.28 கிட்ட நின்னா ஃபுல் சார்ஜ், 1.15 கிட்ட எறங்கிட்டா காலி, அந்த மாத்தத்தைத்தான் அவரு அளக்கறாரு. சார்ஜோட அளவு கூலூம், ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினா 3600 கூலூம், அப்ப உங்க போன் பேட்டரில 5000 எம்ஏஹெச்னு, அதாவது 5 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடற அளவுன்னு போட்டிருந்தா 18,000 கூலூம் அந்த ஒயர் வழியா சுத்தி வர முடியும்னு அர்த்தம். இப்ப எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே போச்சம்பள்ளி பக்கம் ஓலா, ஓசூர்ல ஏத்தர், டிவிஎஸ்னு பேட்டரி வண்டி செஞ்சு வர்ற ஊரா ஆயிடுச்சு, என்கிட்ட படிச்ச பசங்க அங்க வேலைக்கு போறாங்க, இந்த கணக்கு தெரியாம போகக்கூடாதுன்னு நான் கண்டிப்பா இருப்பேன்.

தருமபுரிக்காரரு நீங்க, ஃப்ளோரைடு பத்தி சொல்லாம எப்படி. போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு ஒரு மைனஸ் சார்ஜ் சுமந்துக்கிட்டு திரியற துகள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா பல்லு பழுப்பேறும், வருஷக்கணக்குல குடிச்சா எலும்பு வளையும், நம்ம ஊர்ல பாத்திருப்பீங்க. அத பிடிக்கற ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் அலுமினான்னு வெள்ளக் குருணை போட்டிருப்பாங்க, பக்குவமா வச்சா அந்த குருணை மேல்பரப்பு பிளஸ் சார்ஜா இருக்கும், மைனஸ இழுத்து ஒட்ட வச்சுக்கும், கொஞ்ச நாள்ல அதுலயும் எடம் ரொம்பிடும், கழுவித்தான் மறுபடி ஓட்டணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் ஜப்பான் கடன்ல கட்டி 2013ல தொடங்கினது இந்த ஃப்ளோரைடுக்காகத்தான். ஒத்த மைனஸ் சார்ஜுக்காக ஆத்த மலை மேல ஏத்திக் கொண்டு வந்தாங்கன்னு நான் பசங்க கிட்ட சொல்றப்ப கிளாஸ் அமைதியாயிடும், பாதி பேரு வீட்ல யாராவது ஒருத்தருக்கு அந்த பல்லு இருக்கும்.

இனி குவாரி. கிருஷ்ணகிரி கிரானைட் உங்களுக்கு தெரியும், கருப்புக் கல்லு, பாரடைசோ எல்லாம். ஜல்லி குவாரில குழி போட்டு மருந்து எறக்குவாங்க, எறக்கற அந்த மருந்துதான் சார்ஜ், குழிக்கு எவ்ளோ சார்ஜ்னு கணக்கு இருக்கு, லைசென்ஸ் இருக்கறவரு மட்டும்தான் தொடணும். ஆனா கிரானைட்டுக்கு பிளாக் முழுசா வேணும், மருந்து கூடிப்போனா கல்லுக்குள்ள விரிசல் விழுந்து மதிப்பே போயிடும், அதனால இப்ப வைர மணி கோத்த கம்பி ரம்பத்துல அறுத்து எடுக்கறாங்க. பாருங்க, ஃப்ராங்ளின் கடன் வாங்கின அந்த மருந்து அர்த்தம் நம்ம ஊரு மலையில இன்னும் அப்படியே வேலை செய்யுது. ஓசூர் ஃபவுண்டரில உலைக்குள்ள போடற ஸ்க்ராப்பு, பிக் அயர்ன்ங்கற கச்சா இரும்பு எல்லாத்துக்கும் சேத்து சார்ஜ்னு பேரு. என்ஜின் சிலிண்டருக்குள்ள இழுக்கற காத்து பெட்ரோல் கலவைக்கும் சார்ஜ். அந்த காத்த இன்னும் அழுத்தி கூடுதலா ஏத்தறதுதான் டர்போ சார்ஜர், நைட்டெல்லாம் நம்ம ஹைவேயில விசிலடிச்சிட்டு போற லாரிய கேட்டிருப்பீங்க.

அப்புறம் யானை. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி அறுப்பு காலத்துல கர்நாடகாவுல இருந்து கூட்டமா வரும், ஃபாரஸ்ட்காரங்க சொல்றதுல இந்த வார்த்தை ரெண்டு விதமா வரும். மாக் சார்ஜ்னா மெரட்டறதுக்கு ஓடி வர்றது, காது ரெண்டையும் விரிச்சு, பிளிறிக்கிட்டு, கொஞ்ச தூரத்துல நின்னுடும். நெஜ சார்ஜ்ல பெரும்பாலும் காது பின்னால ஒட்டியிருக்கும், தும்பிக்கைய சுருட்டி உள்ள வச்சிருக்கும், சத்தம் இருக்காது. இத நம்பி நின்னு பாக்கலாம்னு யாரும் நெனைக்க வேண்டாம், எதுவா இருந்தாலும் தூரமா போயிடணும், என் மாணவன் ஒருத்தனோட சித்தப்பா ராகி காவலுக்கு போனவரு திரும்பி வரல. குதிரைப்படை பாய்ஞ்சு போறதும் சார்ஜ், போலீஸ் தடியடிக்கு லத்தி சார்ஜ், எல்லாம் இந்த கிளைதான். பாரத்துக்கும் பாய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்னா, இருக்கற மொத்த பாரத்தையும் எதிராளி மேல கொண்டு போய் எறக்கறதுன்னு நான் சொல்லிக் குடுப்பேன்.

பணத்துக்கு வரதுல பெருசா ஒண்ணும் இல்ல, உங்க கணக்குல ஏத்தின பாரம், அவ்ளோதான். பஸ் சார்ஜ், கரண்டு பில்லுல வர்ற சிசி சார்ஜ், அதாவது எரிச்ச கரண்டுக்கு காசு, கம்பெனிங்களுக்கு ஒரே நேரத்துல எவ்ளோ கரண்டு தேவைங்கறத வச்சு டிமாண்ட் சார்ஜ். சர்சார்ஜ்னா சார்ஜுக்கு மேல ஒரு சார்ஜ், வண்டி ரொம்பின பிறகு மேல ஒரு மூட்டைய தூக்கி வைக்கற மாதிரி. கூட்டுறவு சங்கத்துல நஷ்டம் பண்ணினவங்க கிட்ட வசூல் பண்றதுக்கும் சர்சார்ஜ்னு பேரு, தமிழ்ல தண்டத்தீர்வை, 1983 சட்டத்துல 87வது பிரிவு. பேங்க் எக்ஸாம்ங்கறதால ஒண்ணு சேத்துக்கோங்க: சொத்து மேல சார்ஜ்னு வரும், 1882 சொத்து மாற்றுச் சட்டம் 100வது பிரிவு. அடமானத்துல சொத்துல ஒரு உரிமையையே கடன் குடுத்தவருக்கு மாத்தி குடுக்கறோம், சார்ஜ்ல அப்படி மாத்தறது இல்ல, கடன் தீர்ற வரைக்கும் அந்த சொத்து மேல பாரம் உக்காந்திருக்கும், கம்பெனி சொத்துன்னா அத 30 நாளுக்குள்ள பதிவு பண்ணனும்னு கம்பெனிகள் சட்டம் 77வது பிரிவு சொல்லுது. பட்ஜெட்லயும் சார்ஜ்டு செலவுன்னு ஒண்ணு உண்டு, ஜனாதிபதி, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க சம்பளம் மாதிரி, அரசியல் சாசனம் 112லயே நேரா அரசாங்கத்தோட தொகுப்பு நிதி மேல ஏத்தி வச்சுட்டாங்க, பார்லிமெண்ட்ல பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது.

இப்ப சட்டம். இதத்தான் நான் உண்மையில எழுதணும்னு நெனைச்சேன். எங்க தெருவுல ஒரு அக்கா, அவங்க பையன் மேல ஒரு அடிதடி கேஸு. ஒருநாள் சார்ஜ் ஷீட் போட்டாச்சுன்னு யாரோ சொன்னதும் அவங்க தண்டனையே குடுத்துட்டாங்கன்னு நெனைச்சு ரெண்டு நாள் சாப்பிடல, பொண்ணு பாக்க பேசி வச்சிருந்த எடத்துக்கும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. குற்றப்பத்திரிகைன்னு தமிழ்ல வேற சொல்றோமா, காதுல விழறப்பவே குற்றவாளின்னு முடிவான மாதிரி இருக்கு. நெஜத்துல சார்ஜ் ஷீட்ங்கறது போலீஸ் விசாரிச்சு முடிச்சு கோர்ட்டுக்கு குடுக்கற ரிப்போர்ட், சட்டத்துல அதுக்கு போலீஸ் ரிப்போர்ட்னுதான் பேரு, முன்னாடி குற்ற விசாரணை முறைச் சட்டம் சிஆர்பிசில 173வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த புது சட்டம் பிஎன்எஸ்எஸ்ல 193வது பிரிவு. இன்னும் பாரத்த யாரும் ஏத்தல, ஏத்தலாம்னு போலீஸ் சொல்லுது, அவ்ளோதான். அதுக்கு அப்புறம் ஜட்ஜு பேப்பர எல்லாம் பாத்து, இதுல முகாந்திரம் இருக்குன்னு தோணினா, இன்ன இன்ன பிரிவுல உங்க மேல குற்றச்சாட்டுன்னு வனைவாரு, அதுதான் சார்ஜ் ஃப்ரேம் பண்றது, கோர்ட்டு ஏத்தற பாரம் அது. அப்பவும் குத்தவாளி இல்ல, கோர்ட்டு விசாரணை அங்கதான் ஆரம்பமாகுது. முகாந்திரமே இல்லன்னா அந்த கட்டத்துலயே எறக்கி விட்டுடலாம், அதுக்கு டிஸ்சார்ஜ், தமிழ்ல விடுவிப்பு. விசாரணை முழுக்க நடந்து நிரூபிக்கலன்னு வர்றது விடுதலை, அதுக்கு இங்கிலீஷ்ல அக்விட்டல். ரெண்டையும் ஒண்ணா எழுதற பேப்பர்காரங்க உண்டு, எனக்கு அது பாத்தாலே கஷ்டமா இருக்கும், ஏன்னா படிக்கற குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ரொம்ப பெருசு. இன்னொண்ணு, ஜெயில்ல இருக்கறவரு மேல கேஸோட தன்மைய பொறுத்து 60 இல்ல 90 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலன்னா ஜாமீன் கேக்கற உரிமை வந்துடும், அதனால அந்த பேப்பர் என்னிக்கு போச்சுங்கற தேதிய வக்கீல் கிட்ட கேட்டு வச்சுக்கணும். அந்த அக்காவுக்கு இத நான் திண்ணையில உக்காந்து மாங்கா மூட்டைய வச்சே சொன்னேன், போலீஸ் மூட்டைய காட்டியிருக்கு, இன்னும் தலையில வைக்கலக்கான்னு. அன்னிக்கு ராத்திரிதான் சாப்பிட்டாங்க.

கவர்மெண்ட் ஆபீஸ்ல சார்ஜ் மெமோன்னு வர்றது கோர்ட்டு கேஸ் கெடையாது, துறை நடவடிக்கை. தமிழ்நாடு அரசு ஊழியருங்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதியில 17(அ)ன்னா சின்ன தண்டனைக்கு, 17(ஆ)ன்னா வேலையே போற அளவுக்கு பெரிய தண்டனைக்கு, ஆபீஸ்ல எல்லாரும் செவன்டீன் ஏ, செவன்டீன் பின்னுதான் சொல்லுவாங்க. அதே ஆபீஸ்ல சார்ஜ் எடுத்தாருன்னா பொறுப்பேத்துக்கிட்டாரு, சந்தோஷமான விஷயம். ஒரே கட்டடத்துல ஒரே வார்த்தை ஒருத்தருக்கு மாலையா வருது இன்னொருத்தருக்கு மெமோவா வருது, ரெண்டும் தோள் மேல ஏறுறதுதான்.

டிஸ்சார்ஜ்னா எறக்கறது. ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ், பேட்டரி டிஸ்சார்ஜ், கடன் டிஸ்சார்ஜ் எல்லாம் இப்ப உங்களுக்கே தெரியும். ஆத்துக்கும் உண்டு. பிலிகுண்டுலுல மத்திய நீர்வள ஆணையம் காவேரிய அளக்கறாங்க இல்ல, ஒகேனக்கல்லுக்கு இத்தனை ஆயிரம் கன அடி வருதுன்னு மழை காலத்துல டெய்லி நியூஸ்ல வரும், அந்த அளவுக்கு இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ்தான், ஒரு கன அடின்னா செகண்டுக்கு 28 லிட்டர் சொச்சம். மழைத்தண்ணி கெணத்துலயும் போர்லயும் மறுபடி ஏறுறது ரீசார்ஜ், போனுக்கு போடற அதே ரீசார்ஜ்.

கடைசியா உங்க எக்ஸாம் சமாச்சாரம். பின்னால எந்த குட்டி வார்த்தை வருதுன்னு பாருங்க. சார்ஜ்டு வித் வந்தா குற்றம், சார்ஜ்டு ஃபார் வந்தா அனேகமா காசு, சார்ஜ்டு அட் வந்து முன்னால யானையோ மாடோ நின்னா பாய்ச்சல், சார்ஜ்டு டு வந்தா யாரோட கணக்குலயோ எழுதினது. சார்ஜ்டு ஃபார் மட்டும் பேப்பர்ல சில சமயம் குற்றத்துக்கும் எழுதறாங்க, எக்ஸாம்ல குற்றம்னா வித் போடுங்க. இன் சார்ஜ் ஆஃப்னா மேல இருக்கறவரு, சுமக்கறவரு: டீச்சர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த கிளாஸ், டீச்சர் கிளாஸ சுமக்கறாங்க. நடுவுல த வந்துட்டா தலைகீழ்: த கிளாஸ் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த டீச்சர், இங்க கிளாஸ்தான் பாரம், டீச்சர் வண்டி. த வந்தா முன்னால நிக்கறது மூட்டை, த இல்லன்னா முன்னால நிக்கறது வண்டிக்காரரு. அந்த நாலு கேள்விய மறுபடி எடுத்து இத வச்சு போட்டு பாருங்க தம்பி, எதாவது ஒண்ணு ஒத்து வரலன்னா அந்த வாக்கியத்த அப்படியே எழுதி அனுப்புங்க, உக்காந்து பாப்போம்.